பழைய டிராக்டரும் உழவுச் சாலும்: சக்கர அமைப்பின் பொருளாதாரம்

வேளாண்மையை எந்திரமயமாக்குவது பற்றிப் பேசும்பொழுது, எத்தனை டிராக்டர்கள் விற்பனையாயின, எவ்வளவு கடன் வழங்கப்பட்டது, எவ்வளவு மானியம் அளிக்கப்பட்டது என்ற கணக்குகளே பெரும்பாலும் முன்வைக்கப்படுகின்றன. வாங்கப்பட்ட எந்திரம் வயலில் எவ்வாறு வேலை செய்கிறது என்னும் கேள்வி பின்னுக்குத் தள்ளப்படுகிறது. எந்திரத்தின் ஆற்றல் முழுவதும் மண்ணுக்குச் சென்று சேருவது அதன் பின்சக்கரங்கள் இரண்டின் வழியாகத்தான். அச்சக்கரங்கள் உழவுக்கு ஏற்றவாறு அமைக்கப்படவில்லையாயின், நல்ல என்ஜினும் புதிய கலப்பையும் இருந்தும் டீசல் வீணாவதையும், உழவு கோணலாவதையும் தவிர்க்க இயலாது.

புதிய டிராக்டரை விற்கும் நிறுவனம் முதல் உழவின்போது ஒரு தொழில்நுட்பப் பணியாளரை அனுப்பிச் சக்கரங்களைச் சரிசெய்து கொடுக்கக்கூடும். பழைய டிராக்டரை மூன்றாம் கையாகவோ நான்காம் கையாகவோ வாங்கும் சிறு விவசாயிக்கு அத்தகைய உதவி கிடைப்பதில்லை. கையேடும் அவருக்கு வந்து சேருவதில்லை. ஆகவே பழைய டிராக்டரின் சக்கர அமைப்பைப் பற்றிய அறிவு அவருக்கும், அவருக்கு வழிகாட்ட வேண்டிய விரிவாக்க அலுவலருக்கும் இன்றியமையாதது ஆகிறது. இதற்குச் செலவு ஏதும் இல்லை. ஓர் அளவு நாடா, ஒரு சுண்ணக்கட்டி, அரை நாள் உழைப்பு ஆகியவை போதும்.

பழைய டிராக்டர்களின் இடம்

தொடக்க கால டிராக்டர்கள் பற்கள் பதித்த இரும்புச் சக்கரங்களில் ஓடின. 1932-இல் அமெரிக்காவில் காற்றடைத்த ரப்பர் டயர்கள் டிராக்டர்களுக்குப் பொருத்தி விற்கப்பட்ட பின்னரே இன்றைய வடிவம் உருப்பெற்றது. ஹாரி பெர்குசன் வகுத்த மூன்று புள்ளி இணைப்பும், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் இழுவைக் கட்டுப்பாடும் அடுத்த பெரும் மாற்றமாகும். கலப்பையைப் பின்னால் கட்டி இழுப்பதற்குப் பதிலாக, டிராக்டரின் உடலோடு ஓர் உறுப்பாக அது இணைக்கப்பட்டது. இதனால் கலப்பையின் பாரமும் மண்ணின் எதிர்ப்பும் பின்சக்கரங்களை நிலத்தில் அழுத்தின. எடை குறைந்த டிராக்டரும் நன்றாக இழுக்க முடிந்தது. இம்முறையில் அமைந்த பெர்குசன் டி.இ.20 வகை டிராக்டர்கள் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் 5 இலட்சத்திற்கு மேல் உற்பத்தி செய்யப்பட்டன.

நம் நாட்டில் டிராக்டர் உற்பத்தி 1959 முதல் தொடங்கியது. அவ்வாண்டு பரிதாபாத்தில் எய்ச்சர் நிறுவனத்தின் முதல் டிராக்டர் வெளிவந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் சென்னையில் மாஸி பெர்குசன் கூட்டுறவுடனும், பம்பாயில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கூட்டுறவுடனும் தொழிற்சாலைகள் அமைந்தன. 1971-இல் பிஞ்சோரில் ஹெச்.எம்.டி. நிறுவனம் செட்டார் வகை டிராக்டர்களைத் தயாரிக்கலாயிற்று. துர்காப்பூரில் உள்ள மத்திய எந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான உள்நாட்டு வடிவமைப்பைக் கொண்டு, பஞ்சாப் டிராக்டர்ஸ் நிறுவனம் 1974-இல் சுவராஜ் 724 டிராக்டரை வெளியிட்டது. 25 முதல் 35 குதிரைத்திறன் கொண்ட இவ்வகை டிராக்டர்கள் எளிமையும் உறுதியும் வாய்ந்தவை; உதிரி உறுப்புகள் சிற்றூர்ப் பட்டறைகளிலும் கிடைத்தமையால் நெடுங்காலம் நீடித்து உழைத்தன.

இன்று இந்தியா, எண்ணிக்கை அளவில் உலகிலேயே மிகுதியாக டிராக்டர்களை உற்பத்தி செய்யும் நாடாகத் திகழ்கிறது. 2022-23-ஆம் ஆண்டில் உள்நாட்டு விற்பனை மட்டும் 9 இலட்சத்தைக் கடந்தது. ஆனால் 2015-16-ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி சராசரி நில உடைமை 1.08 ஹெக்டேர் மட்டுமே. உடைமையாளர்களில் நூற்றுக்கு 86 பேர் சிறு, குறு விவசாயிகள். இவர்களுள் சொந்தமாக டிராக்டர் வாங்கத் துணிபவர் பெரும்பாலும் பழையதையே நாடுகின்றனர். பஞ்சாபின் மோகா, தல்வண்டி சாபோ போன்ற ஊர்களில் கூடும் பழைய டிராக்டர் சந்தைகள் இத்தேவையின் விளைவேயாகும். கடன் பெற்றுப் பழைய டிராக்டரை வாங்கிய ஒருவர், தம் சொந்த நிலத்தை உழுவதோடு நில்லாமல், அண்டை அயலாரின் நிலத்தையும் வாடகைக்கு உழுதால்தான் கடனை அடைக்க முடியும். அவருடைய வாழ்வு ஒரு ஹெக்டேருக்கு எத்தனை லிட்டர் டீசல் செலவாகிறது என்பதைப் பொறுத்து அமைகிறது.

இழுவிசையும் வழுக்கலும்

டிராக்டர் கலப்பையை இழுக்கும்பொழுது பின்சக்கரம் மண்ணைப் பின்னோக்கித் தள்ளுகிறது. மண் முழுதும் அசையாது நிற்பதில்லை. சற்றே நெகிழ்ந்து கொடுக்கிறது. இதனால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது, அதன் சுற்றளவைவிடக் குறைவான தொலைவையே வண்டி கடக்கிறது. இக்குறைவையே வழுக்கல் என்கிறோம். ஓரளவு வழுக்கல் இன்றி இழுவிசை பிறப்பதில்லை. உறுதியான உழவு நிலத்தில் நூற்றுக்கு 10 முதல் 15 வரை வழுக்கல் இருப்பது பொருத்தமானது. அதற்கு மேற்பட்டால் டயரும் டீசலும் தேய்கின்றன, உழவு முன்னேறுவதில்லை. நூற்றுக்கு 5-க்கும் குறைவாக இருப்பின் டிராக்டர் தேவைக்கு மேல் பாரமேற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். அப்பொழுது என்ஜினின் ஆற்றலில் ஒரு பகுதி அதிகப்படியான எடையைச் சுமந்து செல்வதிலேயே கழிகிறது; மண்ணும் இறுகிப்போகிறது.

வழுக்கலைக் கட்டுப்படுத்துபவை மூன்று: சக்கரங்களுக்கிடையே உள்ள தூரம், டயரின் காற்றழுத்தமும் அதன் பொருத்தமும், சக்கரத்தின் மீதுள்ள எடை. இம்மூன்றும் முறையாக அமைந்தால்தான் கலப்பையின் மற்றச் சரிக்கட்டல்கள் பயன் தரும்.

சக்கர இடைவெளிக் கணக்கு

வளைபலகைக் கலப்பையால் உழும்பொழுது டிராக்டரின் வலப்புறச் சக்கரங்கள் முன்னர் உழுத சாலினுள் ஓடுகின்றன. இடப்புறச் சக்கரங்கள் உழாத நிலத்தின் மீது ஓடுகின்றன. வலப்புறப் பின்சக்கரத்தின் உட்பக்கம் சாலின் சுவரை ஒட்டிச் செல்லும். அச்சுவரிலிருந்துதான் கலப்பையின் முதற்கொழு வெட்டத் தொடங்குகிறது. ஆகவே டிராக்டரின் நடுக்கோட்டிலிருந்து அச்சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைச் சக்கர இடைவெளியே தீர்மானிக்கிறது.

ஒவ்வொரு கொழுவும் வெட்டும் மண்ணின் எதிர்ப்பு ஒரு புள்ளியில் குவிவதாகக் கொள்ளலாம். வலப்புறம் மண்ணைப் புரட்டும் கொழுவில், அப்புள்ளி வெட்டும் அகலத்தின் இடது ஓரத்திலிருந்து கால் பங்கு தூரத்தில் அமைகிறது. அதாவது சாலின் சுவரிலிருந்து முக்கால் பங்கு தூரத்தில். 30 செ.மீ. அகலமுள்ள இரண்டு கொழுக்களைக் கொண்ட கலப்பையில், முதற்கொழுவின் புள்ளி சுவரிலிருந்து 22.5 செ.மீ. தூரத்திலும், இரண்டாம் கொழுவின் புள்ளி 52.5 செ.மீ. தூரத்திலும் இருக்கும். இவற்றின் சராசரி 37.5 செ.மீ. இதுவே கலப்பை முழுவதன் எதிர்ப்பு மையம்.

டிராக்டரின் இழுவை மையம் அதன் நடுக்கோட்டில் உள்ளது. பின்டயரின் அகலம் 28 செ.மீ. எனக் கொண்டால், வெவ்வேறு சக்கர இடைவெளிகளில் கணக்கு பின்வருமாறு அமையும். சக்கர இடைவெளி என்பது ஒரு டயரின் நடுவிலிருந்து மற்றதன் நடு வரை உள்ள தூரம்.

இடைவெளி 122 செ.மீ. (48 அங்குலம்): டயர்களின் உட்பக்கங்களுக்கு இடையே 94 செ.மீ.; சுவர் நடுக்கோட்டிலிருந்து 47 செ.மீ.; எதிர்ப்பு மையம் நடுக்கோட்டிற்கு வலப்புறம் 9.5 செ.மீ. விலகியிருக்கும்.

இடைவெளி 132 செ.மீ. (52 அங்குலம்): உட்புறத் தூரம் 104 செ.மீ.; சுவர் 52 செ.மீ.; விலகல் 14.5 செ.மீ.

இடைவெளி 152 செ.மீ. (60 அங்குலம்): உட்புறத் தூரம் 124 செ.மீ.; சுவர் 62 செ.மீ.; விலகல் 24.5 செ.மீ.

விலகல் சிறிதாயின் கலப்பையின் பக்கத்தட்டு சாலின் சுவரில் ஊன்றி அதைத் தாங்கிக்கொள்ளும். 24.5 செ.மீ. அளவுக்கு விலகல் மிகும்போது, டிராக்டரின் முகம் உழுத பக்கமாக இழுக்கப்படுகிறது. ஓட்டுநர் ஓயாது இடப்புறமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டே இருக்க நேரிடும். முன்டயர்களும், பக்கத்தட்டும், ஓட்டுநரின் தோளும் ஒருங்கே தேய்கின்றன.

இதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. 132 செ.மீ. இடைவெளிக்கு ஏற்பப் பொருத்தப்பட்ட கலப்பையைக் கொண்டு, சக்கரங்களை மட்டும் 152 செ.மீ. அளவுக்கு விரித்தால், சாலின் சுவர் நடுக்கோட்டிலிருந்து 10 செ.மீ. அப்பால் சென்றுவிடுகிறது. முதற்கொழுவின் முன் 40 செ.மீ. நிலம் இருக்க, அது 30 செ.மீ. மட்டுமே வெட்ட இயலும். எஞ்சிய 10 செ.மீ. நிலம் புரண்டு விழும் மண்ணால் மூடப்பட்டு உழாமலே கிடக்கிறது. மேலே பார்ப்பவருக்கு நிலம் முழுதும் உழப்பட்டதாகத் தோன்றும். அடியில் ஒவ்வொரு நடைக்கும் ஒரு வரி உழாத மண்ணும், அதில் களை வேர்களும் தங்கிவிடுகின்றன. கலப்பையின் குறுக்குத் தண்டைத் திருப்பிச் சிறு வேறுபாடுகளைச் சரிசெய்யலாம். பெரும் பிழையை அவ்வாறு மறைக்க முயன்றால் கலப்பை சாய்ந்தே ஓடும். இழுவைப் பாரம் மேலும் கூடும்.

நடைமுறையில் இப்பிழை எவ்வாறு நேருகிறது என்பதை அறிவது பயனுடையது. கரும்பு வரிசைகள் 75 செ.மீ. தூரத்தில் நடப்பட்ட நிலத்தில் இடையுழவு செய்ய, இரண்டு வரிசைகளின் அளவாகிய 150 செ.மீ. அளவுக்குச் சக்கரங்கள் விரிக்கப்படுகின்றன. ஆலைக்குக் கரும்பு வண்டி இழுக்கும்போதும் விரிந்த சக்கரங்கள் உறுதி தருகின்றன. அறுவடை முடிந்து உழவுக்கு வரும்பொழுது அவற்றை மீண்டும் குறுக்குவதில்லை. ஆண்டுகள் சில செல்லும்போது நட்டுகள் துருவேறி, அந்த இடைவெளியே நிலையானதாகிவிடுகிறது. டிராக்டர் கைமாறும்போது பிழையும் உடன் கைமாறுகிறது.

சக்கரங்களை மாற்றும் முறை

பழைய டிராக்டர்களின் பின்சக்கரத்தில் இரண்டு தனி உறுப்புகள் உள்ளன: அச்சோடு பிணைக்கப்படும் குழிந்த தட்டு, டயரைத் தாங்கும் ரிம். தட்டின் குழிவு உள்நோக்கியோ வெளிநோக்கியோ இருக்குமாறு பொருத்தலாம். ரிம்மின் தாங்கிகளைத் தட்டின் உட்பக்கத்திலோ வெளிப்பக்கத்திலோ பிணைக்கலாம். ரிம்மையே திருப்பியும் வைக்கலாம். இவ்வாறு மாற்றியமைப்பதால் பெர்குசன் வகை டிராக்டர்களில் 48 அங்குலம் முதல் 76 அங்குலம் வரை நான்கு நான்கு அங்குலமாக எட்டு நிலைகள் கிடைக்கின்றன. அக்காலத்துப் பிற டிராக்டர்கள் பலவற்றிலும் கொள்கை இதுவே.

இங்குக் கவனிக்கத்தக்கது டயரின் திசை. பின்டயரின் பட்டைகள் அம்புமுனை போல அமைந்துள்ளன. அம்பின் கூர் முதலில் நிலத்தைத் தொட வேண்டும். டிராக்டரின் பின்னால் நின்று பார்த்தால் அம்புமுனை மேல்நோக்கி இருத்தல் வேண்டும். டயரின் பக்கவாட்டில் சுழலும் திசை குறிக்கப்பட்டிருக்கும். ஒரு சக்கரத்தைத் திருப்பிப் பொருத்தும்போது இத்திசையும் மாறிவிடுவதால், அத்தகைய மாற்றத்தில் இடச்சக்கரத்தை வலப்புறத்திற்கும் வலச்சக்கரத்தை இடப்புறத்திற்கும் மாற்றியமைக்க வேண்டும். தவறான திசையில் சுழலும் டயரில் பட்டைகளுக்கிடையே மண் அடைத்துக்கொள்ளும், பிடிப்புக் குன்றும்.

முன்சக்கரங்கள்

முன்டயர் குறுகியது, பின்டயர் அகன்றது. ஆதலால் இரண்டுக்கும் ஒரே இடைவெளியை வைத்தால் உட்பக்கங்கள் ஒரே கோட்டில் அமையா. டயர்களின் உட்பக்கத் தூரமே ஒத்திருக்க வேண்டும். பின்டயர்களின் உட்புறத் தூரம் 104 செ.மீ. ஆயின், முன்டயர்களின் உட்புறத் தூரமும் ஏறத்தாழ அதே அளவாக இருக்கட்டும். அப்பொழுது வலப்புற முன்சக்கரம் சாலின் சுவரை ஒட்டிச் சென்று, டிராக்டருக்கு வழிகாட்டியாக அமையும்.

முன்அச்சு பொதுவாக ஒரு நடுத்தண்டும், துளைகளில் மரையாணி கொண்டு பிணைக்கப்படும் இரு பக்கத் தண்டுகளும் கொண்டது. இரு பக்கமும் சம அளவு துளைகள் நகர்த்தப்பட வேண்டும். திருப்பு இணைப்புத் தண்டுகளையும் அதற்கேற்ப நீட்டவோ குறுக்கவோ வேண்டிய டிராக்டர்களும் உண்டு. முடிவில் முன்டயர்களின் முன்விளிம்புகளுக்கிடையே உள்ள தூரம், பின்விளிம்புகளுக்கிடையே உள்ளதைவிடச் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்கிறதா என அளந்து பார்த்தல் வேண்டும். இது பேணப்படாவிடில் டயர்கள் பக்கவாட்டில் உரசித் தேய்ந்துபோகும்.

காற்றழுத்தமும் எடையும்

வயலில் பின்டயரின் காற்றழுத்தம் சதுர செ.மீட்டருக்கு 0.8 முதல் 1.0 கிலோ வரை இருப்பது பொதுவாகப் போதுமானது. சாலையில் பாரம் இழுக்கையில் இதைவிட மிகுதியான அழுத்தம் தேவை. சாலைக்கு ஏற்றிய காற்றுடனேயே வயலில் இறங்கினால் டயர் விறைத்து நிற்கும், நிலத்தைத் தொடும் பரப்புக் குறையும், வழுக்கல் கூடும். காற்று மிகக் குறைந்தாலோ டயரின் பக்கங்கள் மடிந்து வெடிக்கும். இரு பின்டயர்களிலும் சமமான அழுத்தம் இருத்தல் அவசியம்.

எடையேற்றத்திற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று வார்ப்பிரும்பு எடைகளைச் சக்கரத்தில் பொருத்துவது. மற்றது டயரின் குழாயினுள் நீர் நிரப்புவது. வால்வு உச்சியில் இருக்குமாறு சக்கரத்தை நிறுத்தி, வால்வு மட்டம் வரை நீர் நிரப்பினால் கொள்ளளவில் முக்கால் பங்கு நிறையும். எஞ்சிய இடத்தில் காற்று அடைக்கப்படும். 35 குதிரைத்திறன் டிராக்டரின் ஒவ்வொரு பின்டயரும் இவ்வாறு 100 லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடையாதலால், செலவின்றிக் கிடைக்கும் எடை இதுவே. ஆயினும் எடையைக் கண்மூடித்தனமாக ஏற்றுதல் கூடாது. தேவை எவ்வளவு என்பதை வழுக்கலை அளந்தே முடிவு செய்தல் வேண்டும். பழைய டிராக்டர்களில் அச்சும் பற்சக்கரங்களும் ஏற்கெனவே தேய்ந்திருப்பதால், மிகை எடை அவற்றின் ஆயுளைக் குறைத்துவிடும்.

வழுக்கலை அளக்கும் முறை

இதற்குக் கருவி ஏதும் வேண்டுவதில்லை. பின்டயரின் பக்கத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இடுக. கலப்பையை உயர்த்தி வைத்து, உழ வேண்டிய அதே நிலத்தில், அதே கியரில் டிராக்டரை ஓட்டுக. சக்கரம் 10 சுற்றுச் சுற்றும்போது கடந்த தொலைவை அளந்து குறிக்க. பின்னர்க் கலப்பையை வழக்கமான ஆழத்தில் இறக்கி, மீண்டும் 10 சுற்றுக்கான தொலைவை அளக்க.

எடுத்துக்காட்டாக, பாரமின்றி 38 மீட்டரும், உழும்பொழுது 30.4 மீட்டரும் கடந்ததாகக் கொள்வோம். வேறுபாடு 7.6 மீட்டர். இதை 38-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் வழுக்கல் நூற்றுக்கு 20 எனக் கிடைக்கும். இது மிகை. முதலில் காற்றழுத்தத்தையும், டயரின் தேய்மானத்தையும், சக்கர இடைவெளியையும் சோதித்த பின்னரே எடையை ஏற்றுதல் முறை. பட்டைகள் முற்றும் தேய்ந்த டயருக்கு எடை மருந்தாகாது.

சக்கரங்கள் சரிசெய்யப்பட்டதும் கலப்பையின் மட்டத்தையும் பார்த்தல் வேண்டும். உழும்பொழுது வலச்சக்கரம் சாலினுள் இறங்குவதால் டிராக்டர் வலப்புறம் சாய்கிறது. கலப்பையோ நிலத்திற்கு மட்டமாக இருக்க வேண்டும். உழவின் ஆழம் 15 செ.மீ. எனில், கொட்டகையிலேயே இடப்புறச் சக்கரங்களை 15 செ.மீ. உயரமுள்ள உறுதியான கட்டைகளின்மேல் ஏற்றி நிறுத்தி, வலப்புறத் தூக்குத் தண்டின் திருகைத் திருப்பிக் கலப்பையை மட்டப்படுத்திக்கொள்ளலாம். வயலில் சிறு திருத்தங்களே பின்னர்த் தேவைப்படும். ஒன்பது கலப்பை போன்ற கருவிகளுக்கு இரு சக்கரங்களும் மேல்நிலத்திலேயே ஓடுவதால் இச்சாய்வுக் கணக்கு இல்லை. சக்கரத் தடங்களுக்குப் பின்னால் கொழுக்கள் அமைந்து அத்தடங்களைக் கிளறிவிடுகின்றனவா என்பதைப் பார்த்தால் போதும்.

பொருளாதாரக் கணக்கு

இவ்வளவு சிறு திருத்தத்தால் விளையும் பயன் என்ன? ஒரு கணக்கு இட்டுப் பார்க்கலாம். 60 செ.மீ. அகலம் உழும் கலப்பை. பாரமற்ற வேகம் மணிக்கு 4.5 கி.மீ.; திரும்புதல் முதலியவற்றுக்குக் கழித்து வேலைத்திறன் நூற்றுக்கு 80; டீசல் செலவு மணிக்கு 4 லிட்டர் என வைத்துக்கொள்வோம். வழுக்கல் நூற்றுக்கு 10 ஆயின், ஒரு ஹெக்டேரை உழ ஏறத்தாழ 5.1 மணி நேரமும் 20.6 லிட்டர் டீசலும் தேவை. வழுக்கல் நூற்றுக்கு 25 ஆயின், 6.2 மணி நேரமும் 24.7 லிட்டரும் தேவைப்படும். வேறுபாடு ஹெக்டேருக்கு ஒரு மணி நேரம், 4 லிட்டர் டீசல். ஆண்டில் 100 ஹெக்டேர் உழுபவருக்கு இது 100 மணி நேரமும் 400 லிட்டரும் ஆகும். தனது கச்சா எண்ணெய்த் தேவையில் நூற்றுக்கு 80-க்கும் மேற்பட்ட பகுதியை இறக்குமதி செய்யும் நாட்டிற்கு இவ்விழப்பு சிறிதன்று.

இந்த இழப்பை ஏற்பவர் யார் என்பது சிந்தனைக்குரியது. பரப்பளவுக் கணக்கில் வாடகை பெறப்படும் இடங்களில், வீணாகும் டீசலும் நேரமும் டிராக்டர் உடைமையாளரின் தலையில் விழுகின்றன. ஆகவே சக்கரங்களைச் சரியாக வைப்பதில் அவருக்கு ஆர்வம் பிறக்கும். தமிழ்நாடு உட்படப் பல பகுதிகளில் காணப்படுவது போல மணிக்கணக்கில் வாடகை பெறும்போதோ, வழுக்கலால் கூடும் நேரத்திற்கும் சேர்த்து வாடகை தருபவர் சிறு விவசாயியே. தாம் பணம் கொடுத்த மணி நேரத்தில் எவ்வளவு உழவுக்குச் சென்றது, எவ்வளவு சக்கரம் சுழன்றதில் கழிந்தது என்பதை அவர் அறிய வழியில்லை. திறமையற்ற எந்திரத்திற்கு மிகுதியான வாடகை கிடைப்பது இம்முறையின் குறைபாடு.

காலமும் ஒரு வளமேயாகும். மாளவம், விதர்ப்பம் முதலிய கரிசல் பகுதிகளில் கோடை உழவு, குளிர்காலப் பயிரின் அறுவடைக்கும் ஜூன் மாதப் பருவமழைக்கும் இடைப்பட்ட சில வாரங்களில் முடிந்தாக வேண்டும். ஒரே டிராக்டரை நம்பிப் பல குடும்பங்கள் காத்திருக்கும் சிற்றூரில், ஒவ்வொரு ஹெக்டேருக்கும் ஒரு மணி நேரம் வீணானால், வரிசையின் கடைசியில் நிற்பவரின் நிலம் மழைக்கு முன் உழப்படாமலே போகும். கடைசியில் நிற்பவர் பெரும்பாலும் மிகச் சிறிய நிலமுடையவராகவே இருக்கிறார்.

பாதுகாப்பு

சக்கரங்களை மாற்றும் வேலையில் விபத்துக்கு இடம் உண்டு. நீர் நிரப்பிய பின்சக்கரம் பெரும் எடையுடையது. ஒருவர் தனியே அதைக் கழற்ற முற்படுதல் கூடாது. முன்னதாக நீரை வடித்துவிடுதல் நல்லது. டிராக்டரை உறுதியான சமதளத்தில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கியோடு மரக்கட்டைகளையும் தாங்கலாக வைத்த பின்னரே நட்டுகளைக் கழற்ற வேண்டும். வேலை முடிந்து சில மணி நேரம் ஓட்டியபின் நட்டுகளை மீண்டும் இறுக்க வேண்டும். இதை மறந்தமையால் தட்டின் துளைகள் விரிந்து சக்கரமே பயனற்றுப்போவதுண்டு.

சக்கரங்கள் குறுகியிருக்கும்போது டிராக்டர் பக்கவாட்டில் கவிழும் வாய்ப்பு மிகும். பழைய டிராக்டர்களில் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் சட்டகம் இல்லை. ஆகவே உழவுக்காகக் குறுக்கிய சக்கரங்களுடன் சரிவான வரப்புகளிலும், கால்வாய்க் கரைகளிலும் விரைந்து செல்லுதல் கூடாது. மேட்டுச் சரிவிலும், உயரமாகப் பாரம் ஏற்றிய வண்டியை இழுக்கும்போதும், இடைவெளியை மீண்டும் விரித்துக்கொள்ள வேண்டும். ஒரு வேலைக்கு ஒரு நிலை என்பதே பொருத்தமான விதி.

செய்யத்தக்கவை

மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் 1955-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டிராக்டர் பயிற்சி நிலையத்தைத் தொடர்ந்து, அரியானாவின் ஹிசார், ஆந்திரப் பிரதேசத்தின் கார்லதின்னே, அசாமின் பிசுவநாத் சாரியாலி ஆகிய இடங்களிலும் மத்திய அரசின் பண்ணை எந்திரப் பயிற்சி நிலையங்கள் அமைந்தன. இவற்றில் பயின்றவர்கள் தத்தம் பகுதிகளில் பிறருக்குக் கற்பிக்க வேண்டும் என்பதே நோக்கம். 2014-15 முதல் செயற்படும் வேளாண் எந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ், எந்திர வாடகை மையங்கள் அமைப்பதற்கு உதவி அளிக்கப்பட்டு வருகிறது.

இவ்வமைப்புகளின் வாயிலாக மூன்று பணிகளை எளிதில் மேற்கொள்ளலாம். முதலாவதாக, உழவுப் பருவம் தொடங்குமுன் ஊர்தோறும் ஒரு நாளை ஒதுக்கி, அவ்வூரின் டிராக்டர்கள் அனைத்தின் சக்கர இடைவெளியையும் காற்றழுத்தத்தையும் வழுக்கலையும் அளந்து, உடைமையாளருக்கு ஒரு சீட்டில் எழுதித் தரலாம். இரண்டாவதாக, வாடகை மையங்கள் உழவுக் கட்டணத்தை மணிக்கணக்கில் அல்லாமல் பரப்பளவுக் கணக்கில் வாங்குவதை ஊக்குவிக்கலாம். மூன்றாவதாக, பழைய டிராக்டர் வாங்கக் கடன் வழங்கும் வங்கிகள், எந்திரத்தின் விலையை மதிப்பிடும்போதே சக்கரங்களின் நிலையையும் பார்வையிடச் செய்யலாம். துருவேறி அசையாத நட்டுகள் கொண்ட சக்கரம், அந்த டிராக்டர் எல்லா வேலைக்கும் ஏற்றதன்று என்பதைக் காட்டும் சான்றாகும்.

புதிய முதலீட்டால் உற்பத்தியைப் பெருக்குவது ஒரு வழி. இருக்கும் முதலீட்டை முழுமையாகப் பயன்படுத்துவது மற்றொரு வழி. மூலதனம் அரிதாக உள்ள சிறு விவசாயிக்கு இரண்டாவது வழியே கைக்கெட்டியது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வார்க்கப்பட்ட என்ஜின் இன்றும் ஓடுகிறது என்றால், அதைச் செய்தவரின் திறமைக்கு அது சான்று. அதன் சக்கரங்கள் சாலுக்கு ஏற்ப அமைந்து, ஒவ்வொரு லிட்டர் டீசலும் மண்ணைப் புரட்டப் பயன்படுமாயின், அது ஓட்டுபவரின் அறிவுக்கும் அவருக்குக் கற்பித்த அலுவலரின் கடமையுணர்வுக்கும் சான்றாக விளங்கும்.